இளமையில் இரத்த அழுத்தம்: இரண்டு எண்களை வாசிப்பது எப்படி?



வியாபாரிகளாகிய நாம் எண்களோடு வாழ்கிறவர்கள். சரக்குப் பட்டியலைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் விலை ஏறியிருப்பதைக் கண்டுகொள்கிறோம். பேரேட்டில் ஒரு வெள்ளி குறைந்தாலும் நமக்கு இராத்தூக்கம் வருவதில்லை. ஆனால், கிளினிக்கில் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் இரண்டு எண்களை மட்டும் நம்மில் பலருக்கு வாசிக்கத் தெரிவதில்லை. அதிலும் அந்தத் தாளைக் கொண்டு வருபவர் இருபது முப்பது வயது இளைஞராயின், நாம் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகிறோம். ஒன்று, வீடே கலங்கிப் போகும்படி அஞ்சுகிறோம். அல்லது, தாளை மடித்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

இவ்விரண்டையும் நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் என் சகோதரியின் மகன் தேசிய சேவைக்கு முன் மருத்துவச் சோதனைக்குப் போனான். வயது 18. அழுத்தம் 152/76 என்று வந்தது. அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. "பிள்ளைக்குக் கொதிப்பு வந்துவிட்டதே" என்று தாய் அழுதார். பின்னர் முறைப்படி வீட்டில் அளந்து பார்த்ததில் அவனுடைய சராசரி 121/72. அவனுக்கு வியாதி ஏதுமில்லை.

மற்றவர் என் கடைப் பங்காளி. 34ஆம் வயதில் காப்புறுதி எடுப்பதற்காகச் சோதித்தபோது அவருக்கு 150/100 இருந்தது. மீண்டும் வந்து காட்டும்படி டாக்டர் சொன்னார். அந்தத் தாளை அவர் என்னிடமும் காட்டினார். "இந்த வயதில் கொதிப்பாவது, தம்பி! இரண்டு நாள் நன்றாக உறங்கு, சரியாகிவிடும்" என்று சொன்னவன் நான்தான். தாள் கல்லாப்பெட்டியின் அடியிற் போயிற்று. எட்டு ஆண்டுகள் தலைவலியில்லை, மயக்கமில்லை. ஒரு நாளும் கடையை மூடவில்லை. 42ஆம் வயதில் கண் மங்கியது என்று கண்ணாடி மாற்றப் போனார். கண் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேதான் அவருடைய சிறுநீரகங்கள் பாதி வேலையே செய்கின்றன என்பது தெரிய வந்தது.

ஒரு தடவை வந்த எண் தீர்ப்பாகாது. ஆனால் அது திரும்ப அளந்தே தீரவேண்டிய எண். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான். எஞ்சியவை அதற்கு விளக்கம்.

இரண்டு எண்களும் எவை?

இருதயம் ஒரு பம்பு. ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 தடவை சுருங்கி, 5 லிட்டர் அளவு இரத்தத்தைக் குழாய்களில் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு இது ஏறத்தாழ ஓரிலட்சம் துடிப்பாகும். இருதயம் சுருங்கித் தள்ளும்போது குழாய்ச் சுவரின்மீது உண்டாகும் அழுத்தமே மேல் எண். அது தளர்ந்து அடுத்த துடிப்புக்காக நிரம்பும்போது குழாயில் மீந்திருக்கும் அழுத்தமே கீழ் எண். 120/80 என்றால் தள்ளும்போது 120, தளரும்போது 80.

120 என்றால் எதில் 120? பாதரசத்தில் 120 மில்லிமீட்டர் உயரம். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் இரத்தக் குழாயிற் கண்ணாடிக் குழாயைச் செருகி, இரத்தம் 8 அடிக்கு மேல் உயர்ந்ததைக் கண்டு எழுதினார். நோயாளிக்கெல்லாம் இப்படிச் செய்ய இயலுமா? 1896இல் இத்தாலிய டாக்டர் ரிவா ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டியைக் கட்டி, பாதரசத் தண்டினால் அளக்கும் வழியைக் காட்டினார். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்குக்கு மேல் கனமாகையால், எட்டடித் தண்டு மேசைமீது வைக்கும் அளவிற்குக் குறுகியது. 1905இல் ருஷ்ய டாக்டர் கொரட்காப், பட்டிக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால், ஒலி தொடங்கும் இடம் மேல் எண், ஒலி மறையும் இடம் கீழ் எண் என்று அறிவித்தார். இன்று பெரும்பாலும் மின்கருவிகளே அளக்கின்றன. எனினும் அளவு மட்டும் அதே பாதரச மில்லிமீட்டர்தான்.

"கொதிப்பு" என்னும் பெயரால் வந்த கேடு

இதற்கு நாம் வழங்கும் பெயர் இரத்தக் கொதிப்பு. இந்தப் பெயரே பலரை ஏமாற்றிவிட்டது. இரத்தம் கொதித்தால் உடம்பு சுடவேண்டும், தலை வலிக்கவேண்டும், முகம் சிவக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். கோபக்காரருக்கு வரும், சாந்தமானவருக்கு வராது என்றும் நம்புகிறோம். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. அழுத்தம் உயர்ந்தவர்களிற் பெரும்பாலோருக்கு எந்தக் குறியும் தோன்றுவதில்லை. அளந்தாலன்றித் தெரியாது.

தெரியாமலிருந்தாலும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அரிசி மூட்டையில் ஊசியளவு துவாரம் இருந்தால் அன்றைக்கு நஷ்டம் தெரியாது. ஆண்டு முடிவில் இருப்பு எடுக்கும்போதுதான் தெரியும். அதுபோல் உயர்ந்த அழுத்தம் இருதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது. மூளை, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்ணிய குழாய்களைக் கெடுக்கிறது. 60 வயதில் அழுத்தம் ஏறியவருக்கு அந்தத் துவாரம் அண்மையில் உண்டானது. 30 வயதில் ஏறியவருக்கோ அறுபதை அடையுமுன் முப்பது ஆண்டு ஒழுக்கு. இளமையில் இதைக் கவனிக்க வேண்டிய காரணம் இதுவே.

இந்த வியாதி நமக்கு அந்நியமானதன்று. மலேசியாவின் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களிற் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவருக்கு உயர் அழுத்தம் காணப்பட்டது. சிங்கப்பூரில் 2021-2022 ஆய்வில், 18 முதல் 74 வயது வரை உள்ளோரில் மூவரில் ஒருவருக்கு மேல்.

எல்லை எது?

கிளினிக்கில் முறையாக அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் என்பதே மலேசிய, சிங்கப்பூர் டாக்டர்கள் உயர் அழுத்தத்திற்குக் கொள்ளும் எல்லை. இரண்டில் ஏதாவது ஓர் எண் எல்லையைத் தாண்டினாலும் கணக்கில் சேரும். மேல் எண் 128, கீழ் எண் 94 என்றால், "மேலே சரியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடலாகாது.

வீட்டில் மனம் அமைதியாக இருப்பதால், அங்கே எல்லை சற்றுத் தாழ்வு: சராசரி 135/85. அமெரிக்க டாக்டர்கள் 2017இல் எல்லையை 130/80க்கு இறக்கினார்கள். ஆகவே ஒரே தாளை இருவர் பார்த்து இருவிதமாகச் சொன்னால் திகைக்க வேண்டாம். நாட்டுக்கு நாடு கோடு வேறுபடலாம். ஆனால் 120/80க்கு மேலே எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. 140க்குச் சற்றுக் கீழே இருப்பவர் நோயாளி அல்லர். ஆயினும் கவனிக்க வேண்டியவர்.

பிழையான எண் எங்கிருந்து வருகிறது?

தராசு சரியாக இருந்தாலும், தட்டின் கீழே விரல் பட்டால் நிறை தவறும் அல்லவா? அழுத்தம் அளப்பதிலும் அப்படியே. அடிக்கடி நேரும் பிழைகள் இவை:

1. படியேறி வந்த மூச்சோடு அளப்பது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின்னரே அளக்கவேண்டும்.

2. கோப்பி, தே தாரிக், சிகரெட், உடற்பயிற்சி இவற்றின் பின் உடனே அளப்பது. அரை மணி நேரமாவது கழியவேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக்கூடாது.

3. கையைத் தொங்கவிடுவது. பட்டி கட்டிய இடம் இருதய மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமீது வைக்கவேண்டும். 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அளவு 7 அல்லது 8 கூடிவிடும்.

4. பேசிக்கொண்டிருப்பது. கைத்தொலைபேசியில் விலை பேசியபடியே அளக்கும் வியாபாரிக்கு 10 கூடினால் வியப்பில்லை.

5. முதுகுக்குச் சார்பின்றி, கால்மேல் கால் போட்டு உட்காருவது. சட்டைக் கையின்மேல் பட்டியைக் கட்டுவது.

6. சிறிய பட்டி. இளைஞர் விஷயத்தில் இதுவே முக்கியம். உடற்பயிற்சியாலோ கொழுப்பாலோ கை பருத்தவருக்குச் சாதாரணப் பட்டியைக் கட்டினால் 10, சில வேளை 20 கூடக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டி உண்டா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதில் வெட்கமில்லை.

இவற்றோடு மனப்பயமும் சேரும். டாக்டரின் வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறி, வீட்டுக்கு வந்ததும் இறங்கும் அழுத்தம் உண்டு. என் சகோதரி மகனுக்கு நேர்ந்தது அதுவே. இவர்களுக்கு மருந்து உடனே தேவைப்படுவதில்லை. ஆனால் பிற்காலத்தில் உண்மையாகவே அழுத்தம் உயரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாகையால் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மாறாகக் கிளினிக்கில் சரியாக இருந்து, கடையிலும் வீட்டிலும் ஏறி நிற்கும் ஒளிந்த அழுத்தமும் உண்டு. அதிக வேலை, குறைந்த உறக்கம், புகை, இவற்றோடு வாழ்பவரிடத்தில் இது மிகுதி. இதுவே கூடுதல் ஆபத்தானது.

வீட்டிலே ஏழு நாள் கணக்கு

ஒரு நாள் விற்பனையைக் கொண்டு எவரும் ஐந்தொகை போடுவதில்லை. பெருநாளுக்கு முந்திய நாளின் விற்பனையும் மழை கொட்டிய நாளின் விற்பனையும் தனித்தனியே பொய் சொல்லும். பல நாட் சராசரியே உண்மை சொல்லும். அழுத்தத்திற்கும் இதுவே முறை.

மேற்கையில் கட்டும் மின்கருவி, சோதித்து அங்கீகரிக்கப்பட்டதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக் கருவியும் கைக்கடிகாரங்கள் காட்டும் எண்ணும் இந்தக் கணக்கிற்கு ஆகா. முதலில் இரண்டு கையிலும் அளந்து, எதில் அதிகமோ அந்தக் கையையே எப்போதும் பயன்படுத்துங்கள். இரு கைக்கும் 10க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏழு நாட்கள், காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிடம் விட்டு அளந்து எழுதுங்கள். வந்த எண்ணையே எழுதுங்கள்; பிடிக்காத எண்ணை அடிப்பது பொய்க்கணக்கு.

முதல் நாட் கணக்கைத் தள்ளிவிட்டால் மீதி 24 அளவுகள். மேல் எண்களின் கூட்டல் 3,312 என்று வைத்துக்கொள்வோம். 24ஆல் வகுத்தால் 138. கீழ் எண்களின் கூட்டல் 2,112, வகுத்தால் 88. இவருடைய சராசரி 138/88. வீட்டு எல்லை 135/85 ஆகையால், இவர் அந்தத் தாளோடு டாக்டரைப் பார்க்கவேண்டும். கிளினிக்கின் 140/90 என்ற எல்லையை வீட்டு எண்ணோடு ஒப்பிட்டு, "நான் தப்பினேன்" என்று இவர் மகிழ்ந்தால் அது தவறான கணக்கு.

இளைஞருக்கே உரிய இரண்டு விஷயங்கள்

உயரமும் உடற்கட்டும் உள்ள சில வாலிபர்களுக்கு மேல் எண் மட்டும் 140, 145 என்று வரும். கீழ் எண் 70 அளவில் இருக்கும். இளங் குழாய்கள் நன்கு நெகிழ்வன. இருதயம் வேகமாகத் தள்ளும் அலை கைக்கு வந்து சேருமுன் உயர்ந்துவிடுகிறது. இருதயத்தை அடுத்த பெருங்குழாயில் அழுத்தம் அவ்வளவு இராமலும் போகலாம். இவர்களிற் பலருக்கு மருந்தைவிடக் கண்காணிப்பே முதலில் தேவை. ஆயினும் அதை முடிவு செய்யவேண்டியவர் டாக்டரே.

கீழ் எண் உயர்ந்திருந்தால் விஷயம் வேறு. முதுமையிற் பெருங்குழாய்கள் விறைப்பதால் மேல் எண் ஏறுகிறது. இளமையிலோ சிறு குழாய்கள் இறுகுவதால் கீழ் எண் ஏறுகிறது. 50 வயதுக்குக் கீழே இருதய நோயை முன்னறிவிப்பதில் கீழ் எண்ணுக்கே வலிமை அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. என் பங்காளியின் தாளில் 100 என்று இருந்ததே, அதுதான் அந்த எண். நாங்கள் இருவருமே மேல் எண்ணை மட்டும் பார்த்தோம்.

காரணத்தைத் தேடுதல்

வயதானவர்க்குப் பெரும்பாலும் ஒரு தனிக் காரணம் சொல்ல இயலாது. பரம்பரை, உப்பு, உடற்பருமன் எல்லாம் கலந்திருக்கும். 40 வயதுக்குள் அழுத்தம் உறுதிப்பட்டால், வேறு நோய் மறைந்திருக்கிறதா என்று டாக்டர் தேடுவார். சிறுநீரக நோய், சிறுநீரகத்திற்குச் செல்லும் குழாய் குறுகுதல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் கோளாறு, தைராய்டுக் கோளாறு, பிறவியிலேயே பெருங்குழாய் குறுகியிருத்தல் என்பன சில. சிறுநீர்ச் சோதனை, இரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தல், இருதய மின்வரைபடம் ஆகியவற்றை அவர் எழுதிக் கொடுத்தால், வீண் செலவென்று தட்டிக் கழிக்காதீர்கள். காரணம் அகப்பட்டால் சிலருக்கு அழுத்தமே தீர்ந்துவிடும்.

உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுதலும், பகலிற் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுதலும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் அழுத்தத்தை உயர்த்தும்.

தின்னும் மருந்துகளையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். மூட்டுவலி மாத்திரைகள், மூக்கடைப்புக்குத் தரும் சில மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள், உடற்கட்டுக்காகப் போடும் ஸ்டீராய்டுகள் ஆகியவை அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. முகவரியில்லாத "இயற்கை" வலி மருந்துகளில் ஸ்டீராய்டு ஒளிந்திருந்தது நம் வட்டாரத்திற் பல தடவை பிடிபட்டிருக்கிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் ஒன்று உண்டு. இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் பொட்டாசியம் குறைந்து அழுத்தம் ஏறும்.

கடை வாழ்க்கையும் உப்பும்

உலக சுகாதார நிறுவனம் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சிங்கப்பூரர் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி நாளொன்றுக்கு உட்கொண்ட சோடியம் 3,620 மில்லிகிராம். உப்பாகக் கணக்கிட்டால் 9 கிராமுக்கு மேல். மலேசியரிடத்தில் 2017-2018இல் செய்த ஆய்வில் 7.9 கிராம்.

இந்த உப்பு, மேசைமேல் இருக்கும் உப்புச் சீசாவிலிருந்து வருவதன்று. காலையிற் பரோட்டாவின்மேல் ஊற்றிய குழம்பு, பகலில் நாசி கண்டாரில் கலந்துவிட்ட பலவகைக் குழம்பு, இரவு பதினொரு மணிக்குக் கடையடைத்தபின் மீ கோரிங், இடையே கருவாடு, ஊறுகாய், பெலாச்சான் சம்பல், பாக்கெட் மீ. குழம்பைத் தனிக்கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிடுங்கள்; பாக்கெட் மீயின் தூளிற் பாதியை எறியுங்கள். இவ்வளவு செய்தாலே பெரிய மாற்றம். சாப்பாட்டுக்கடை வைத்திருப்போர், தங்கள் அண்டாவில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் வாடிக்கையாளரின் நாக்கு அறியாது. அவர்களுடைய இரத்தக் குழாய்கள் அறியும்.

புகையை விடுதல், எடையைக் குறைத்தல், வாரத்தில் 150 நிமிடமாவது விரைந்து நடத்தல், ஏழு மணி நேரம் உறங்குதல் இவை எல்லோரும் அறிந்தவையே. பகலெல்லாம் கடையில் நிற்பது நடையாகாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். கீரையும் பழமும் நல்லவை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் இளநீரையும் டாக்டரைக் கேளாமற் பழகலாகாது.

மாத்திரை பற்றி

"ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விடாது" என்று அஞ்சிப் பலர் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். மாத்திரை அடிமையாக்குவதில்லை, நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது. எடையும் உப்பும் குறைந்து அழுத்தம் இறங்கினால், டாக்டரே அளவைக் குறைப்பதுண்டு. எண் நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்துவது, ஒழுகிய கூரையைச் சரிசெய்தபின் ஓட்டைக் கழற்றுவது போன்றது. கருத்தரிக்கக்கூடிய பெண்கள் அதை டாக்டரிடம் முன்னரே சொல்லவேண்டும். சில மாத்திரைகள் கருவுக்கு ஆகா.

நோன்பு மாதத்தில், ஒரு நாளைக்கு ஒரு வேளை உண்ணும் மாத்திரையைப் பலருக்கு நோன்பு திறக்கும் நேரத்திற்கோ ஸஹர் நேரத்திற்கோ மாற்ற இயலும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையானால் உடம்பில் நீர் வற்றாதபடி பார்க்கவேண்டும். ஆகவே மாதம் பிறக்கச் சில வாரம் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்புக்காக மாத்திரையை நீங்களே விட்டுவிடாதீர்கள்.

தாமதிக்கக் கூடாத நேரம்

180/120 அல்லது அதற்கு மேல் வந்து, அதனுடன் மார்பு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, பொறுக்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும், உடனே சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழையுங்கள். குறி எதுவுமின்றி அந்த எண் வந்தால், ஐந்து நிமிடம் அமர்ந்து மீண்டும் அளந்து, அப்போதும் இறங்காவிடில் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

18 வயது நிரம்பியவர் யாவரும் தம் இரண்டு எண்களையும் அறிந்திருக்க வேண்டும். ஓர் உயர்ந்த எண்ணைக் கண்டு அழவும் வேண்டாம், அதை மறைக்கவும் வேண்டாம். ஏழு நாள் கணக்கெழுதுங்கள். வீட்டு எல்லை 135/85. கீழ் எண்ணையும் பாருங்கள்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கருவி வாங்கிக் கடையில் வையுங்கள். ஊரைவிட்டு வந்து நம்மிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு "போய்ப் பார்த்துவா" என்று சொல்ல இங்கே தாயில்லை, தகப்பனில்லை; நாம்தான் இருக்கிறோம். யாரேனும் ஒரு தாளைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். "நாளைக் காலை கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ டாக்டரிடம் போ" என்று சொல்லுங்கள்.

என் பங்காளி இன்றும் என்னோடு கடையில் இருக்கிறார். மூன்று மாத்திரைகள், மாதந்தோறும் ஆஸ்பத்திரி. அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தப் பழைய தாளை மட்டும் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்து, கருவி இருக்கும் இடத்திற்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அதைக் காட்டித்தான் பட்டியைக் கட்டுகிறார்.